கூலிம் தாண்டி ஓர் ஏற்றம்

ஜொகூர் பாரு,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மெலிசா அண்ணிக்கு,

ஏமி எழுதுகிறேன். நான் இங்கே நலம். நீங்களும் மகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று அண்ணனைக் கேட்டால் "எல்லாம் ஓகேலா" என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. அதனால் உங்களையே கேட்கிறேன்.

கிறிஸ்துமஸிலிருந்து என் அழைப்புகளை நீங்கள் எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்தும் விலகிவிட்டீர்கள். "என்னா இருந்தாலும் எழுதி தபால்ல போடச் சொல்லுங்க. தபால ஃபார்வர்ட் பண்ண முடியாதுல்ல" என்று சொன்னீர்களாம். அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. நீங்கள் எனக்கு மட்டும் அனுப்பிய குரல் பதிவை நான் குரூப்பில் போட்டது தவறு. அதை ஒருமுறை சொல்லிவிட்டேன். இது இரண்டாவது முறை. மூன்றாவது முறை சொல்லமாட்டேன்.

விஷயம் இதுதான். ஜனவரியில் அண்ணனுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவருடைய சைக்கிள் ஸ்டோரில் கிடக்கிறது. ஜூலையில் புனித அன்னம்மாள் திருவிழா. உங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அவள் பிழைத்தால் கோலா கெத்திலிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் வரை ஆண்டுதோறும் சைக்கிளிலேயே மெழுகுவர்த்தி கொண்டுவருவதாக அவர் நேர்ந்துகொண்டதை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. இந்த ஆண்டு விட்டால் அவர் உள்ளுக்குள் உடைந்துபோவார். மருத்துவர் ஓட்டலாம் என்கிறார். நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக்கூடாது என்பதுதான் நிபந்தனை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. எடை குறைந்த மின் ரோடு சைக்கிள். பார்வைக்கு அவருடைய இப்போதைய சைக்கிள் மாதிரியே இருக்கும். பன்னிரண்டு கிலோவுக்குள் வரும். பேட்டரி ஃப்ரேமின் கீழ்க்குழாய்க்குள் மறைந்திருக்கும். மிதித்தால்தான் மோட்டார் உதவும். மிதிக்காவிட்டால் சும்மா இருக்கும். மார்பில் ஒரு பட்டை கட்டிக்கொண்டால், துடிப்பு எல்லையைத் தொடும்போது மோட்டார் தானாகவே கூடுதலாகத் தள்ளும் வகைகூட இருக்கிறது. நான் வாங்கித் தருகிறேன். விலையைக் கேட்காதீர்கள். நீங்கள் சம்மதம் மட்டும் சொன்னால் போதும். நீங்கள் சொல்லாமல் அவர் தொடமாட்டார்.

மகளுக்கு என் முத்தம்.

ஏமி


கோலா கெத்தில்,
23 பிப்ரவரி 2025

ஏமிக்கு,

இங்கே மூவரும் உயிரோடு இருக்கிறோம். நீ நலம் என்று எழுதியிருந்தாய். நீ எப்போதும் நலமாகத்தான் இருப்பாய்.

உன் கடிதத்தைத் தொழிற்சாலை கேண்டீனில் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேமாவதி அக்கா, "யாருலா இந்தக் காலத்துல லெட்டர் போடுறது?" என்று கேட்டார். நாத்தனார் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் மூன்று நாத்தனார்கள்.

மோட்டார் வைத்த சைக்கிளுக்கு எங்கள் ஊரில் ஏற்கனவே பெயர் இருக்கிறது. அதில் மூன்று பேர் ஏறிப் பாசாருக்கு மீன் வாங்கப் போவார்கள்.

உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒன்பது நாளில் நீ இரண்டு நாள் வந்தாய். அந்த இரண்டு நாளும் கட்டிலருகே உட்கார்ந்து சைக்கிளைப் பற்றியே பேசினாய். இப்போது என் சம்மதம் வேண்டும் என்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். வாங்கிக் கொடுத்த நல்லவள் நீ. ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால், சம்மதித்தவள் நான்.

ஒவ்வோர் ஆண்டும் ஆண்கள் முன்னால் சைக்கிளில் போவார்கள். பெண்கள் நாங்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு ரோனால்டின் வேனில் பின்னால் வருவோம். பெண்களில் சைக்கிளில் போனவள் நீ ஒருத்திதான். வேனைத் தாண்டும்போது எங்களைப் பார்த்துக் கையசைப்பாய். அந்தக் கையசைப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக நான் என் கணவருடைய முதுகை வேன் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் நடுவில் லோரி எதுவும் வராவிட்டால்.

வேண்டாம்.

தவக்காலம் வருகிறது. எதையாவது விடவேண்டும் என்று தோன்றினால் எங்களைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிடு.

மெலிசா


ஜொகூர் பாரு,
5 மார்ச் 2025, சாம்பல் புதன்

மெலிசா அண்ணிக்கு,

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். அதனால் முடிந்தவரை பொறுமையாகவே எழுதுவேன். உங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? என் கடிதங்கள் அதற்கு நல்லதல்ல என்று அண்ணன் சொன்னார்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னது மின் சைக்கிளை அல்ல, என்னை. அது புரிகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும்படி கேட்கிறேன்.

நான் பல வாரமாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும். எடை குறைவு, சத்தமில்லை, அணைத்துவிட்டாலும் இழுக்காது. மற்றதில் மோட்டார் பெடல் அச்சில் இருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் அது இன்னும் இயல்பாகத் தள்ளும், ஆனால் எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். நம்முடைய பாதை பெரும்பாலும் சமதரை. கூலிம் தாண்டி வரும் அந்த ஒரே ஏற்றத்துக்காகக் கூடுதல் எடையைச் சுமப்பது வீண். ஆகவே சக்கரத்து மோட்டார்தான் என் தேர்வு. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வரைதான் எதுவும் உதவும். அதற்கு மேல் போனால் சொந்தக் கால்தான். கீழ்க்குழாய் சற்றுத் தடிமன் என்பதால், மெழுகுவர்த்தி வைக்கும் பிவிசி குழாயை எப்போதும் போல மேல்குழாயில்தான் கட்டவேண்டும். ஐம்பத்தாறு அளவு ஃப்ரேமில் தாராளமாக இடமிருக்கிறது.

சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களுக்கு இதெல்லாம் அலட்டலாகத் தெரியலாம். ஓட்டுகிறவனுக்கு அது பாதி உயிர். அண்ணனைப் பதின்மூன்று வருஷமாக ஒரே வீட்டில் வைத்திருக்கிறீர்கள். அவர் ஏற்றத்தில் எப்படி மூச்சு விடுவார் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

யோசித்து எழுதுங்கள்.

ஏமி


கோலா கெத்தில்,
21 மார்ச் 2025

ஏமிக்கு,

இரத்த அழுத்தம் நூற்று நாற்பது. மகளுக்குச் சளி. மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

நீ படித்தவள். நூலகத்தில் வேலை. எழுதும்போது ஒரு கமா தவறாது. எனக்குச் சில கேள்விகள். சம்மதமென்று நினைத்துக்கொள்ளாதே. கேட்பதற்குக் காசா பணமா.

மழையில் நனைந்தால் பேட்டரி என்ன ஆகும்? சார்ஜ் போடும் துளை எங்கே இருக்கிறது, தண்ணீர் தெறிக்கும் இடத்திலா? ஐம்பத்தைந்து கிலோமீட்டர் முழுக்க மோட்டாரைப் போட்டுக்கொண்டே வந்தால் பேட்டரி தாங்குமா, இல்லை ஏற்றத்துக்காக மிச்சம் பிடிக்க வேண்டுமா? இருபத்தைந்தில் நின்றுவிடுகிறது என்கிறாய். அவர் இப்போது இருபத்து மூன்றுக்கு மேல் போவதில்லை, அப்படியானால் அது பிரச்சினை இல்லை. படங்களில் உள்ள வண்டிகளெல்லாம் ஒட்டகம் மாதிரி உயரமாக இருக்கின்றன. ஐந்தடி ஓர் அங்குலம் உள்ள ஆள் கால் ஊன்றும்படி சின்னதாகச் செய்வார்களா?

பங்குச் சாமியாரிடம், மோட்டார் வைத்தால் நேர்த்திக்கடன் செல்லுமா என்று கேட்டேன். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவருக்கும் ஒன்று வேண்டுமாம்.

அவர் எப்படி மூச்சு விடுவார் என்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை எடுத்து வைத்திருக்கிறேன்.

மெலிசா


ஜொகூர் பாரு,
6 ஏப்ரல் 2025

மெலிசா அண்ணிக்கு,

சளிக்குத் துளசி கொடுங்கள். நான் நலம்.

மழை பிரச்சினை இல்லை. துளை பெடலுக்கு மேலே, ரப்பர் மூடியோடு இருக்கிறது. குறைந்த உதவியில் ஓட்டினால் எண்பது கிலோமீட்டர் தாங்கும். முழு உதவியில் ஐம்பதுகூடத் தாங்காது. புத்திசாலிகள் சமதரையில் குறைத்து ஏற்றத்தில் கூட்டுவார்கள்.

இப்போது நான் கேட்கிறேன். அவர் இருபத்து மூன்றுக்கு மேல் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஓட்ட ஆரம்பித்துவிட்டாரா? எனக்கு ஏன் சொல்லவில்லை? நீங்கள் சொல்லவேண்டாம் என்றீர்களா?

ஐந்தடி ஓர் அங்குல ஆளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாற்பத்தொன்பது அளவுவரை செய்கிறார்கள். அதில் மேல்குழாய் குட்டை என்பதால் மெழுகுவர்த்திக் குழாயைக் கட்ட இடமிருக்காது. ஆனால் அண்ணன் ஐந்தடி பத்து. கணவருடைய உயரம்கூட நினைவில் இல்லாதவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது வேடிக்கையாக இருக்கிறது.

இனிமேலும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு வாங்கிவிடுவேன்.

ஏமி


ஜொகூர் பாரு,
4 மே 2025

மெலிசா அண்ணிக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து தாமதமாக. நலமா? ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அண்ணனும் போனில் வேலை வேலை என்று வைத்துவிடுகிறார். செம்பனை எண்ணெய் ஆலையில் அவ்வளவு வேலை இந்த மாதத்தில் இருக்காது என்று எனக்கும் தெரியும்.

சைக்கிள் சுங்கைப் பட்டாணியில் வசந்தன் கடைக்கு வந்துவிட்டது. ஐம்பத்தாறு அளவு, சாம்பல் நிறம், பதினொன்றரைக் கிலோ. வசந்தன் பொருத்தித் தயாராக வைத்திருக்கிறார். அண்ணன் போய் எடுத்துக்கொண்டால் போதும். நீங்கள் தடுத்தால், ஜூலை இருபத்தாறாம் தேதி மற்றவர்கள் கிளம்பும்போது வாசலில் நின்று பார்க்கும் அவர் முகத்தை நீங்கள்தான் பார்க்கவேண்டியிருக்கும். நான் தூரத்தில் இருப்பேன்.

ஏமி


கோலா கெத்தில்,
12 மே 2025

ஏமிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

உன் அண்ணனுடைய சைக்கிள் ஹேண்டிலில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, வேகம், துடிப்பு எல்லாம் காட்டுவது. அதில் பழைய சவாரிகளும் பதிவாகி இருக்குமாம். போன மாதம் வசந்தன் எனக்கு அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்குச் சைக்கிள் தெரியாது. ஆனால் இருபது வருஷமாகக் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். கோடு எங்கே கோணுகிறது என்று எனக்குத் தெரியும்.

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. நீ லீவில் வந்திருந்தாய். இருவரும் புக்கிட் மெர்தாஜாம் வரை போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினீர்கள். காலை எட்டு மணி ஐம்பத்தொரு நிமிடத்துக்குக் கூலிம் தாண்டி அந்த ஏற்றத்தில் துடிப்பு நூற்றெண்பத்தொன்பது. பிறகு வண்டி நிற்கிறது. இருபத்திரண்டு நிமிடம் நகரவில்லை. பிறகு திரும்பி, நடக்கிற வேகத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறது.

அன்று மத்தியானம் இருவரும் என் கையால் கோழிப் பிரட்டல் சாப்பிட்டீர்கள். ஏன் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன். டயர் பஞ்சர் என்றாய். நீதான் சொன்னாய், அவர் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான் உனக்கு அனுப்பிய குரல் பதிவை இப்போது திரும்பக் கேட்டேன். நீயும் கேள். சைக்கிள் சைக்கிள் என்று அலைகிறார் என்று குறை சொன்னது முன்பாதி. பின்பாதி இது: "ஆளு மாடிப்படி ஏறுனாகூட நின்னு நின்னு ஏறுறாரு, எனக்கு பயமா இருக்கு, நீ சொன்னா கேப்பாரு ஏமி, ஒரு வார்த்தை சொல்லு." அதைத்தான் நீ குரூப்பில் போட்டாய். ஜோசபின் அத்தை, "பிரெடி சைக்கிளுக்குத் தாலி கட்டிட்டான்லா" என்று எழுதினார். பதினேழு பேர் சிரித்தார்கள். நீயும் ஒரு சிரிப்பைப் போட்டாய்.

அப்போதே உனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அவர் ஆலையில் விழுந்தார்.

உன் சைக்கிள் வசந்தன் கடையிலேயே இருக்கட்டும்.

மெலிசா


ஜொகூர் பாரு,
25 மே 2025

அண்ணி,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. அந்த ஏற்றத்தில் அவர் சைக்கிளைப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லலா, காத்துதான். அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாத, சைக்கிள தூக்கிப் போட்டுடுவா" என்றார். நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். இருபத்திரண்டு நிமிடம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது ஐந்து நிமிடம் போல இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று ஆறு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவு சிறிய காரணம்தான்.

குரல் பதிவும் அப்படியே. அதைக் கேட்டவுடன் எனக்குப் பயம் வந்தது. நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று. எல்லாரும் சிரித்துவிட்டால் அது சிரிப்பான விஷயமாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவும் செய்தது.

சைக்கிள் வாங்கியது அவருக்காக என்று உங்களுக்கு எழுதினேன். அதுவும் முழு உண்மையல்ல.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏமி


கோலா கெத்தில்,
9 ஜூன் 2025

ஏமிக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

வசந்தன் கடைக்குப் போய் அந்தச் சாம்பல் நிறச் சைக்கிளைப் பார்த்தேன். அளவு தப்பு. எனக்கு நாற்பத்தொன்பது வேண்டும்.

மார்ச்சிலிருந்து உன் அண்ணன் தன் பழைய சைக்கிளை எடுத்துவிட்டார். தடுத்துப் பார்த்தேன். திருட்டுத்தனமாக ஓட்டுவதைவிட என் கண் முன்னால் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன். மோட்டார் வைத்த சைக்கிள் வேண்டாம் என்றதும் அவர்தான். "மோட்டார் வச்சா அது நேர்த்தி இல்லலா, சும்மா டூர்" என்றார். ஜூலையில் போகத்தான் போவேன் என்கிறார். உன்னைப் போலவே அவருக்கும் ஒருமுறை சொன்னால் புரியாது.

அதனால் நானும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிரேமாவதி அக்கா தன் பழைய சைக்கிளைக் கொடுத்தார். "முப்பத்தொம்பது வயசுல சைக்கிளா, அடுத்து என்னா, நீச்சலா?" என்றார். இரண்டு முறை விழுந்தேன். இப்போது தினமும் வேலைக்குப் போகுமுன் செம்பனைத் தோட்டத்து உள்சாலையில் அவர் பின்னால் போகிறேன். சமதரையில் பிடித்துவிடுகிறேன். சின்ன மேடு வந்தாலும் அவர் போய்விடுகிறார். வளைவில் மறைந்துவிடுகிறார். திரும்ப என் கண்ணில் படும்வரை ஒரு நூறு மீட்டர் இருக்கும். அந்த நூறு மீட்டர்தான் எனக்கு வேண்டும். வேறொன்றுமில்லை.

எனக்கு நேர்த்திக்கடன் இல்லை, அதனால் மோட்டார் இருக்கலாம். நாக்கடியில் வைக்கும் மாத்திரை என் பையில் இருக்கும்.

வண்டியை மாற்றிக் கொடுக்கச் சொல்லி வசந்தனிடம் நீயே பேசு. நான் உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. எனக்குத் தெரிந்தவர்களில் சைக்கிள் தெரிந்தவள் நீ ஒருத்தி, அவ்வளவுதான்.

மெலிசா


ஜொகூர் பாரு,
17 ஜூன் 2025

அண்ணி,

நலம். நீங்கள் விழுந்த இடம் ஆறிவிட்டதா?

வசந்தனிடம் பேசிவிட்டேன். நாற்பத்தொன்பது அளவு அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடும். நிறம் பச்சைதான் இருக்கிறதாம். ஆசனத்தை உங்கள் இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொல்லுங்கள், முதலில் உயரம் வேண்டாம். பிடி சிறியதாக இருக்கட்டும், உங்கள் விரல்கள் குட்டை. பிரேக்கை எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தால் இறக்கத்தில் ஆபத்து. இருபத்தெட்டு மில்லிமீட்டர் டயர் போடச் சொல்லியிருக்கிறேன், தோட்டத்துச் சாலைக்கு அதுதான் பொருந்தும். மோட்டாருக்கு மூன்று நிலை உண்டு. கூலிம் வரை முதல் நிலைக்கு மேல் போகாதீர்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும். ஏற்றத்தில் மூன்றாவது. பெடலை அழுத்தாதீர்கள், சுழற்றுங்கள். சமதரையில் அவருடைய பின்சக்கரத்தைப் பாருங்கள், ஏற்றத்தில் தோளை. தோள் ஆட ஆரம்பித்தால் அவர் களைத்துவிட்டார் என்று அர்த்தம். பேச்சை நிறுத்தினால் வலிக்கிறது என்று அர்த்தம்.

ஒன்று கேட்கிறேன். ஜூலையில் நானும் வரலாமா? உங்களுக்குப் பின்னால்தான் வருவேன்.

ஏமி


கோலா கெத்தில்,
29 ஜூன் 2025

ஏமிக்கு,

சைக்கிள் வந்துவிட்டது. ஆசனம் சரியாக இருக்கிறது.

வராதே.

மெலிசா


கோலா கெத்தில்,
3 ஆகஸ்ட் 2025

ஏமிக்கு,

உன் அண்ணன் நலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்காமலே படபடவென்று பக்கத்தைப் புரட்டுவாய் என்று தெரியும்.

சனிக்கிழமை விடியற்காலை பத்தொன்பது பேர் கிளம்பினோம். வேனிலிருந்த பெண்கள் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஜோசபின் அத்தை, "ரெண்டு பேரும் சைக்கிளக் கட்டிக்கிட்டா வீட்டுல யாருலா சமைக்கிறது?" என்று கேட்டார். நான் கையசைத்தேன். நீ அசைப்பாயே, அப்படி. அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

கூலிம் வரை முதல் நிலைதான். தொடை எரிந்தது. ஆனாலும் கூட்டவில்லை. அவர் முன்னால் பேசிக்கொண்டே போனார். மகளுடைய பள்ளிக்கூடம், ஆலை, யாரோ வாங்கிய கார். ஏற்றம் ஆரம்பித்ததும் நான் மூன்றாவது நிலைக்குப் போனேன். முதல் முறையாக ஏற்றத்தில் அவர் என்னைவிட்டுப் போகவில்லை. பாதியில் தோள் ஆடியது. பிறகு பேச்சு நின்றது.

நீ எழுதியிருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பக்கத்தில் போய் "நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். அதே இடமாக இருக்கவேண்டும், சாலையோரத்தில் புல் இருந்தது. மாத்திரையை நாக்கடியில் வைத்தேன். மற்ற சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. "ரெண்டு நிமிஷம்லா மெலிசா, காத்துதான்" என்றார். நான் ரோனால்டைக் கூப்பிட்டேன். வேன் வந்தது. அவர் எழுந்து நின்று, ஏறமாட்டேன் என்றார். பதின்மூன்றாவது வருஷம் என்றார், இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்றார். அழுதார். இதற்கு முன் நான் பார்த்து அவர் அழுதது மகள் பிறந்தபோதுதான். "ஏறுங்க" என்றேன். ஏறினார்.

நான்கு நிமிடம். நீ இருபத்திரண்டு நிமிடம் நின்ற இடத்தில் நான் நான்கு நிமிடம் நின்றேன். பெட்டியில் பதிவாகி இருக்கிறது.

வேன் கதவைச் சாத்தும்போது அவர் மெழுகுவர்த்திக் குழாயைத் தன் சைக்கிளிலிருந்து அவிழ்த்துத் தரச் சொன்னார். என் சைக்கிளில் கட்ட இடமில்லை, நீ சொன்னது சரிதான். நாசி லெமாக் பெட்டியைக் கட்டியிருந்த நைலான் கயிற்றால் அவரே அதை என் முதுகில் கட்டிவிட்டார். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாம் முறை அத்தை குழாயைப் பிடித்துக்கொண்டார்.

வேன் அவரை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நானும் கூடவே ஏறியிருக்கலாம். ஏறப்போனேன். "நீ போ. இல்லன்னா நான் எறங்கிடுவேன்" என்றார். ரோனால்ட் தலையாட்டினார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதனால் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர் தனியாக. மோட்டாரை அணைக்கவில்லை. அணைத்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கமாட்டேன், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. கோயில் வாசலில் இறங்கியபோது பேட்டரியில் ஒரு கோடு மிச்சம் இருந்தது. மெழுகுவர்த்தியைக் குழாயிலிருந்து உருவினேன். நடுவில் ஒடிந்திருந்தது, திரி விடவில்லை. அப்படியே ஏற்றி வைத்தேன். அப்போதுதான் ரோனால்ட் போனில் சொன்னார், எல்லாம் சரியாக இருக்கிறது, சாயந்தரமே அனுப்பிவிடுவார்கள் என்று.

வாசலில் கூட்டத்தில் உன்னைத் தேடினேன். வராதே என்று எழுதியவள் நான்தான். நீ வரவில்லை. என் பேச்சை நீ கேட்டது இதுதான் முதல் தடவை.

இப்போது அவரே தன் சைக்கிளை வசந்தனிடம் கொடுத்து, சக்கரத்தில் மோட்டார் வைத்ததாக ஒன்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். அளவை நீ சொல்லவேண்டாம். ஐந்தடி பத்து, எனக்குத் தெரியும்.

உன் மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. அது போகும் என்று காத்திருக்காதே.

இந்தக் கடிதத்தை மட்டும் நீ படம் எடுத்துக் குரூப்பில் போட்டுக்கொள்.

மெலிசா